மாப்பிள்ளை சார்ஜன் கை நனைக்காத மதியம்

புதிதாகப் பதவி உயர்வு பெற்றவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. அதிலும் ராணுவத்தில் சார்ஜன் ஆனவன் என்றால், சில மாதங்களுக்காவது அவனைப் பெண் பார்க்க அனுப்பக் கூடாது. என்னை அனுப்பிவிட்டார்கள்.

சார்ஜன் என்றால் வெயிலில் நின்று கத்துகிறவர் என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். கத்துவது கொஞ்சம்தான். எவன் காலில் கொப்புளம், எவன் வீட்டிலிருந்து போன் வந்த பிறகு பேச்சே இல்லாமல் இருக்கிறான், எவன் தண்ணீர் குடித்ததாகப் பாவனை செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பெரிய வேலை. பயிற்சியில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உனக்குக் கீழே இருப்பவனை உன் சொந்த வேலைக்குப் பயன்படுத்தாதே. அவன் சாப்பிட்ட பிறகு நீ சாப்பிடு. இரண்டையும் நான் நெட்டுருப் போட்டேன். (புரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை லா.)

அப்போது ஜொகூர் மாநிலத்தின் உள்பகுதியில் ஒரு முகாமில் இருந்தேன். கூலாயிலிருந்து அம்மா வந்திருந்தார். பத்து பாகாட் என்ற ஊரில் பெண். பெயர் விமலா, மருத்துவமனையில் தாதி. அவள் அப்பா மாரிமுத்து, துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளம்புகிற அன்று காலை என் கார் மக்கர் செய்தது. என் பிரிவில் இருந்த அஸ்மான் விடுப்பில் மூவாருக்கு, அவன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"பத்து பாகாட் வழியாத்தானே போறேன் சார்ஜன், ஏறுங்க" என்றான் மலாயில்.

எனக்குப் பகீரென்றது. சொந்த வேலை! "நீயா விரும்பித்தான் கூப்பிடுறியா? நான் சார்ஜன்னு பயந்து கூப்பிடலையே?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். மறுபடியும் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. பெட்ரோல் நான் போட்டேன். அப்படியும் மனசு ஆறவில்லை. இவன் இன்றைக்கு என் ஓட்டுநர் இல்லை, என் விருந்தாளி, இவனை ராஜா மாதிரி கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பெண் வீட்டு வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. முனை பிசகாமல் வரிசைப்படுத்தி வைத்துவிட்டு உள்ளே போனேன். (விமலா அதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.) அஸ்மான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டான்.

விமலா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தலையைக் குனியவில்லை. நேராக என்னைப் பார்த்து, "பயிற்சியில யாராவது மயக்கம் போட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. இந்தப் பெண்தான், வேறு யாரும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் முதலுதவிப் பாடத்தை முழுவதும் ஒப்பித்தேன். மயங்குவதற்கு முன்பே ஆளின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட வேண்டும். வேர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம், எதுவும் சார்ஜனின் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மாரிமுத்து ஐயா மெய்மறந்து கேட்டார்.

இரண்டு பக்கமும் சம்மதம். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பேச்சு முடிகிறவரை பலகாரம், தேநீரோடு சரி. முடிவானால்தான் மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் கை நனைப்பார்கள். கை நனைக்கவில்லை என்றால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது எனக்கு நன்றாகவே தெரியும். இலை போட்டார்கள். சோறு ஆவி பறந்தது. அம்மா உட்கார்ந்தார்.

"உக்காருங்க தம்பி, சூடா இருக்கு" என்றார் மாரிமுத்து ஐயா.

"நீங்க எல்லாரும் முதல்ல சாப்பிடுங்க ஐயா. நான் கடைசியா உக்காருறேன்."

"அது எப்படி தம்பி? நீங்க கை நனைக்காம நாங்க சாப்பிட முடியுமா?"

"என் ஆளு ஒருத்தர் வெளிய இருக்காரு. அவரு சாப்பிடாம நான் சாப்பிடக் கூடாதுங்க."

"அவ்வளவுதானே, கூப்பிடுங்க. அவருக்கும் ஒரு எலை போடுவோம்."

"அவரு புவாசா."

நோன்பு என்றதும் மாரிமுத்து ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. "அப்ப ஏழு மணிக்கு மேல ஆகுமே தம்பி?"

"ஆகட்டும் ஐயா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. (முந்தின வருட நோன்பு மாதத்தில் என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். அப்போது நான் சார்ஜன் இல்லை. மூன்று வேளையும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன்.)

"டேய் குமரேசா, மானத்த வாங்காதடா, உக்காரு" என்று அம்மா பல்லைக் கடித்தார். நான் அசையவில்லை. அம்மாவும் இலையில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சமையலறையில், "பையன் சாப்பிட மாட்டேங்கறாராம்" என்று விமலாவின் அம்மா அழ ஆரம்பித்தது கேட்டது. கொள்கைக்காக நிற்கிறவனை உலகம் முதலில் புரிந்துகொள்ளாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எனக்கு எதிரே மாரிமுத்து ஐயாவும் உட்காராமல் நின்றார். விருந்தாளி நிற்கும்போது அவர் உட்கார மாட்டாராம். அவருக்கு நெற்றியில் வேர்த்தது. என்னுடைய கம்பீரத்தைப் பார்த்து வேர்க்கிறது என்று நினைத்தேன். சோற்றுக் கரண்டி பிடித்திருந்த கை நடுங்கியது. மரியாதை என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து, "தங்கராசு, பஸ்ஸு வந்துருச்சா?" என்று என்னைக் கேட்டார். உரிமையோடு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார் என்று பூரித்துப்போனேன்.

விமலா கோபமாகத்தான் வெளியே வந்தாள். என்னைத் திட்ட வந்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அப்பா, இன்சுலின் ஊசி போட்டுட்டீங்களா?"

"அப்பவே போட்டேனேம்மா... சோறு எடுத்து வெச்சாச்சுன்னு..."

"சார்ஜன்! அந்தப் பாயாசத்த எடுங்க! சீக்கிரம்!"

என் மூளைக்கு விஷயம் போய்ச் சேருவதற்குள் கை பாயாசத்தை எடுத்துவிட்டது. அவள் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் முட்டி போட்டு, வாய் வாயாகக் குடிக்கவைத்தேன். சத்தம் கேட்டு அஸ்மானும் ஓடிவந்தான். அவர் என்னைத் தங்கராசு என்று கூப்பிடுவதை நிறுத்தி மறுபடியும் தம்பி என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. விமலா அவர் விரலில் குத்தி ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வெளிய இருந்தவரு நோன்பு. அது அவரா எடுத்துக்கிட்டது. அதுக்கு நீங்க காவல் நிக்க வேணாம். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம, சர்க்கரை எறங்கி, பசிச்சவரு உங்க மூஞ்சிக்கு முன்னாலதான் நின்னுக்கிட்டிருந்தாரு."

அஸ்மானுக்கு அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. "அலமாக்! ஏழு மணி வரைக்கும் இங்கயா? நோன்பு திறக்க எங்கம்மா மூவார்ல காத்துக்கிட்டிருக்காங்க சார்ஜன்!"

வெட்கத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றில் கை நனைத்தேன். மாரிமுத்து ஐயாவும் பக்கத்திலேயே சாப்பிட்டார். பெண் கைவிட்டுப் போய்விட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அஸ்மான் மூவாருக்குப் போக, நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் அம்மா ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார். "இனிமே இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று ரப்பர் மரங்களைக் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து மாரிமுத்து ஐயா போன் செய்தார். "பொண்ணு சரின்னுட்டா தம்பி. ஏன்னு எங்களுக்கும் புரியல."

கல்யாணத்துக்குப் பிறகு விமலாவிடம் கேட்டேன். "பாயாசத்த எடுங்கன்னதும் ஏன், எதுக்குன்னு கேக்காம எடுத்தீங்கல்ல? அது போதும். மிச்சத்த நான் சொல்லிக் குடுத்துக்கறேன்னு நினைச்சேன்" என்றாள்.

அஸ்மான் கதையை முகாம் முழுக்கப் பரப்பிவிட்டான். நான் அங்கிருந்து மாற்றலாகிறவரை, சாப்பாட்டு நேரத்தில் என் ஆட்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு, "சார்ஜன், மாமனார் சாப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொருவன் முகத்தையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.

இன்றைக்கும் தீபாவளி மதியம் எங்கள் வீட்டில் மாமனாருக்குத்தான் முதல் பந்தி. அப்புறம் அம்மா, பிள்ளைகள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் பழக்க தோஷத்தில் ஓரமாக நிற்பேன். விமலா கரண்டியோடு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்:

"இந்த வீட்டுல சார்ஜன் யாரு?"

நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவள்தான் கடைசியாகச் சாப்பிடுவாள்.