கறார் சாரும் ஒளிப்பாதையும்

"கேக்கலப்பா. விட்டு விட்டு வருது" என்றாள் மகள், கம்ப்யூட்டர் திரையில்.

கறார் சாருக்குக் குப்பென்று வியர்த்தது. நெட்வொர்க் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று வீம்பு பிடித்து, கல்யாணத்தில் தலைகாட்டாத மனுஷர். இத்தனை நாள் உள்ளுக்குள் வெந்து, இன்று மதிய இடைவேளையில் ஒருவழியாக வாயைத் திறந்து, "நான் வராதது தப்பும்மா" என்று சொன்னால், கேட்கவில்லையாம்!

"இந்த லைனுக்கு என்ன கேடு?" என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் எரிந்து விழுந்தார்.

"உங்க வீடியோ கால் சின்னது சார். பெரிய பெரிய டேட்டா போக்குவரத்தைத்தான் சிஸ்டம் தானாப் பார்த்து ஒளிப்பாதைக்கு, அதான் நெரிசல் இல்லாத தனி ஃபைபர் வழிக்கு, மாத்தும். மத்ததெல்லாம் கூட்டத்தோட கூட்டமா ரவுட்டர் வழியாத்தான் போகணும்."

"என் பொண்ணு பேசுறது உன் சிஸ்டத்துக்குச் சின்ன விஷயமா?"

வந்ததே கோபம்! தன் கையாலேயே அழைப்பை ஒளிப்பாதைக்கு மாற்றினார். "தப்பு என்மேலதாம்மா!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், இது இங்கே இருக்க லாயக்கில்லை என்று சிஸ்டம் அதைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டது. படம் உறைந்து நின்றது.

"கேக்கலப்பா. இன்னொரு தடவை சொல்லுங்க."

எவ்வளவு பெரிதாக இருந்தால் ஏற்றலாம் என்ற வரம்பைத் தடாலடியாகக் குறைத்தார். ஊரிலுள்ள சில்லறைப் போக்குவரத்தெல்லாம் ஒளிப்பாதையில் ஏறி முட்டி மோதியது. மேஜைக்கு மேஜை போன் அலறியது.

"அப்பா புத்தி கெட்டுப்போய் நடந்துக்கிட்டேன்மா!" என்று கத்தினார். மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ம்ஹூம், கேக்கல."

பொறுமை இழந்து, சிஸ்டம் தானாக முடிவெடுக்கும் வசதியையே அணைத்தார். அவ்வளவுதான். மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. திரை இருண்டது, மகளும் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு மண்டப வாசல்வரை போய்விட்டுத் திரும்பியது நினைவுக்கு வந்தது. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? பாவம், அந்த வெறும் திரையைப் பார்த்தே, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். அலுவலகமே எழுந்து நின்றது.

பக்கத்து சீட்டுப் பெண் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். அழைப்பு திரும்ப வந்தது. திரையில் மகள் இல்லை. அவர் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

"எங்க அவ? நான் சொன்னதுல ஒண்ணாவது கேட்டுச்சா?"

மாப்பிள்ளை தயங்கினான். "மொதத் தடவையே நல்லாக் கேட்டுடுச்சு மாமா. உங்க வாயால இன்னொரு தடவை கேக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் கேக்கலைன்னு சொல்லிட்டிருந்தா."