கண்ணால் கேட்டவர்

தனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று நிரூபித்தே தீருவது என்ற வைராக்கியத்தோடுதான் தகரப் பட்டறைக்காரர் காது டாக்டரிடம் போனார். கூடவே மனைவியும்.

கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால், "அம்மாகிட்டயே பேசும்மா" என்று நழுவிவிடுவார். "அப்பாவுக்கு என்மேல கோபமாம்மா?" என்று அந்தப் பெண் அழுத பிறகுதான் மனைவி அவரை இழுத்து வந்தாள்.

"கோபமும் இல்ல, செவிடும் இல்ல. லைன் சரியில்ல."

"ஆமா, வருஷக்கணக்கா லைன் சரியில்ல. நடங்க."

பரிசோதிக்கிற பெண் அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேக்கும்போதெல்லாம் அமுக்குங்க ஐயா."

காத்திருந்தார். கடவுளே, ஒன்றும் கேட்கவில்லை! அப்போதுதான் கவனித்தார். கண்ணாடிக்கு அப்பால் மெஷினைத் தட்டிச் சத்தம் அனுப்பும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் தோள் லேசாக ஏறி இறங்கியது. தகரத்தில் மயிரிழை நெளிவைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்ணாயிற்றே, விடுமா? தோள் ஏறினால் அமுக்கினார். ரசித்துக் கேட்பதுபோல் தலையை வேறு ஆட்டினார்.

வெளியே மனைவி அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னாள். தோள் ஏறியது. இவரும் விடாமல் அமுக்கினார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "எதையாவது விட்டேனாம்மா?"

"ஒண்ணுகூட விடல ஐயா!" என்றாள் அந்தப் பெண், உரக்க.

"பாத்தியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தேன். கடைசியில மெஷினை அணைச்சிட்டுத் தோளை மட்டும் ஆட்டச் சொன்னேன். அதுக்கும் அமுக்கினீங்களே!"

பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவருக்கு.

"காதுக்குள்ள நத்தைக் கூடு மாதிரி ஒண்ணு இருக்கு ஐயா," என்றாள் அந்தப் பெண், கனிவாக. "அதுல பொடிப்பொடியா முடி. சத்தம் வந்து அதை அசைச்சாதான் மூளைக்குச் சேதி போகும். வருஷக்கணக்கா சுத்தியல் சத்தம் பட்டுப் பட்டு அதுல பாதி அழிஞ்சுபோச்சு. திரும்ப முளைக்காது."

"வெளியே கொட்டினது பத்தாதுன்னு உள்ளேயுமா?" என்று அவர் வழுக்கையைப் பார்த்தாள் மனைவி. "காதை மூடிக்கிட்டு வேலை பாருங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

'அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க செய்யறது' என்று தான் சிரித்தது நினைவுக்கு வர, அவர் தலை தானாகக் குனிந்தது. காதைக் காட்டினார். கருவியை மாட்டினார்கள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். வெகு நாளைக்கப்புறம் தானே எடுத்தார். குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. கண் கலங்கிவிட்டது.

"நல்லாக் கேக்குதும்மா, சொல்லு, சொல்லு!"

"கேக்காம என்னப்பா? மெஷின் ஓடாமலே உங்களுக்குக் கேட்டுச்சாமே!"