டொய்ங் சாரின் பின்னணி இசை

மனித வாழ்க்கைக்குப் பின்னணி இசை கிடையாது என்கிற உண்மையை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் டொய்ங் சார்தான்.

அல்வாலில், லிஃப்ட் இல்லாத எங்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாம் மாடியில் அவர் குடியிருப்பு. நேர் கீழே நான். அவர் வீட்டில் ஓடும் கார்ட்டூன் எல்லாம் என் மண்டைமேல்தான் ஓடும். சாதாரணக் கார்ட்டூன் இல்லை. வண்ணம் வருவதற்கு முன்னால், கையால் வரைந்து வாத்தியத்துக்கு ஆடவிட்ட காலத்துச் சரக்கு. அதில் பூனை ஆடும். பூனை உட்கார்ந்த நாற்காலி ஆடும். நாற்காலி இருக்கும் வீடும் இடுப்பை வளைத்து ஆடும். ஒருவன் மாடி ஏறினால் படிக்கொரு சுரம். விழுந்தால் டொய்ங்.

பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மனிதர் அதை ஊருக்கே சப்ளை செய்தார். சங்கச் செயலாளர் கூட்டத்தில் உட்காரப் போனால் வாயாலேயே டிரம் உருட்டுவார், உட்கார்ந்ததும் "பொம்ம்!" தண்ணீர் லாரி வரிசையில் முழங்காலை மடக்கி மடக்கி ஆடிக்கொண்டே நிற்பார்.

"கைக்கு சார், எதுக்கு இந்த ஆட்டம்?" என்று ஒருநாள் பொறுக்காமல், எங்கள் ஊர் உருதுவைக் கலந்து கேட்டேன்.

"அந்தப் படத்துல யாராவது சும்மா நின்னு பாத்திருக்கீங்களா? நிக்கறவனும் தாளத்துலதான் சார் நிப்பான்."

அவர் பின்னால் நின்ற நானும் ஆடிக்கொண்டிருந்ததை பால்கனியிலிருந்து பார்த்ததாக என் மனைவி சரோஜா சொல்கிறாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

போன மழைக்காலத்தில் காய்கறிப் பையோடு ஈரப் படியில் வழுக்கினேன். மேலே நின்ற டொய்ங் சாரின் வாய் "டிங் டிங் டிங் டிங்" என்று என்னோடு கூடவே இறங்கி வந்தது. நான் தரையைத் தொட்ட அதே நொடியில் "டொய்ங்!" ஒரு தக்காளி மட்டும் தாமதமாக உருண்டு வந்து சேர்ந்தது, அதற்குத் தனியாக ஒரு "பிளிங்!" அப்புறம்தான் பதறி ஓடி வந்து தூக்கினார்.

"சாரி சார், வாய் முந்திக்கிச்சு."

கால் முறிந்தது எனக்கு. படிக்கட்டு முழுக்கப் பேசிக்கொண்டது அவருடைய தாள சுத்தத்தை.

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், தினமும் படி ஏறி இறங்காவிட்டால் கால் இறுகிப்போய்விடும், பிறகு ஆயுசுக்கும் கோல்தான் என்றார். எனக்கோ படியைப் பார்த்தாலே குலை நடுங்கியது. சோபாவில் வீரமாக உட்கார்ந்து டிவி பார்த்தேன். சரோஜா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் மாடிக்குப் போய் அந்த ஆளையே கூட்டி வந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்களாவது இவரை நடக்க வைங்க."

"நக்கோ! வேண்டவே வேண்டாம்! விழ வச்சதே இவரோட மியூசிக்தான்!" என்று அலறினேன்.

"விழுந்தது நீங்க சார். நான் வாசிச்சேன், அவ்ளோதான்," என்றபடி லேப்டாப்பைத் திறந்தார். ஆடிக்கொண்டிருந்த பூனையைப் பாதியில் நிறுத்தினார். "கோடு நடுங்குது பாருங்க. ஒரே பூனையை எத்தனை தடவை வரைஞ்சிருப்பான்! ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. கோணல்மாணலா இருக்கறதாலதான் ஓட்டினா உயிரோட நெளியுது. உங்க காலும் கோணலாத்தான் போகும். போகட்டுமே, எழுந்திரிங்க."

படிக்கட்டுக்கு இழுத்துப் போனார். காலைத் தூக்கினேன். அவர் "டீஈஈஈ" என்று சுரத்தைப் பிடித்தார். கால் படியில் பட்டால்தான் சுரம் முடியுமாம். நான் பயந்துபோய் காலை அந்தரத்திலேயே நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, விழி பிதுங்கியது.

"காலை வைங்களேன்! அண்ணா செத்துடப் போறார்!" என்று சரோஜா கத்தினாள்.

கொலைப் பழிக்கு அஞ்சி வைத்தேன். "...ங்!"

இப்படியே தினமும், படிக்குப் படி ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஏறி இறங்கினேன். கோல் போனது. கூடவே மானமும் போனது. நான் தெருவில் இறங்கினால் வாட்ச்மேன் கேட்டில் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

இந்த மாதம் டொய்ங் சாருக்குத் தொண்டையில் சின்ன ஆபரேஷன். டாக்டர் சொல்லும்வரை வாயைத் திறக்கவே கூடாது. நான் இத்தனை காலம் வேண்டிக்கொண்ட அமைதி அபார்ட்மென்ட்டுக்கு வந்தே விட்டது. கூட்டத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்த செயலாளர், எதையோ தொலைத்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

நேற்று மாலை கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் பால் பாக்கெட்டோடு, தலை குனிந்து, டொய்ங் சார் ஏறி வந்துகொண்டிருந்தார். முழங்கால்கூட ஆடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து, அவர் அடுத்த படிக்குக் காலைத் தூக்கிய நேரம் பார்த்து, "டீஈஈஈ" என்றேன். சுருதி பக்கத்திலேயே இல்லை.

திரும்பிப் பார்த்தார். கண்ணால் சிரித்தார். தூக்கிய காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார், படுபாவி. என் முகம் சிவந்தது, நரம்பு புடைத்தது.

அவசரமில்லை சார், மெதுவாகவே வையுங்கள். எனக்கு இன்னும் மூச்சு இருக்கிறது.