கட் அங்கிளும் அப்பச் சட்டியும்

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் பிளாட்டுக்குப் பதினேழு மாடி. ஒரே காலைப்பொழுதில் பதினேழு மாடிகளிலிருந்தும் திட்டு வாங்கிய மனிதர் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஒருவர்தான். அதுவும் நான்கு மொழிகளில். அவர் கீழே கார் பார்க்கில் நின்று ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்த்து, "தேங்க் யூ, தேங்க் யூ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருத்துச் சுதந்திரம் நன்றாக வேலை செய்கிறதே என்ற சந்தோஷம் அவருக்கு.

எங்களுக்கு அவர் 'கட் அங்கிள்'. எதைப் பற்றிப் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் "அதைக் கட் பண்ணு" என்று வந்துவிடும். கதவில் பெயர்ப்பலகை கிடையாது. நம்பர் இருக்கும்போது பெயர் எதற்கு, வீண் செலவு என்பார். ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கொள்கை மிகவும் எளிது. நிர்வாகம் என்று ஒன்று இருந்தால் அது குறைவாகச் செலவழிக்க வேண்டும், குறைவாகத் தலையிட வேண்டும், மிச்சத்தைச் சந்தையும் சனங்களும் பார்த்துக்கொள்வார்கள். சிக்கனம், சுதந்திரம், அவ்வளவுதான். இதை அவர் கோயில் மண்டபத்தில் பேசியிருக்கிறார், கல்யாண வீட்டில் பேசியிருக்கிறார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு பேசியிருக்கிறார். யாரும் எதிர்த்ததில்லை. அதுவரை யார் வீட்டு லிஃப்டும் நிற்கவில்லை அல்லவா?

மூன்று வருடங்களுக்கு முன்பு பிளாட்டின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் போனோம். எட்டுப் பேர் தலைவர் பதவி வேண்டாம் என்றோம். கட் அங்கிள் தலைவரானார்.

அடுத்த திங்கட்கிழமையே இரண்டு லிஃப்டில் ஒன்றை நிறுத்தினார். முதலில் சொன்ன திட்டு அன்றைக்குத்தான். பன்னிரண்டாவது மாடி முத்தையா அண்ணன் லோரி ஓட்டி ஓய்ந்தவர். குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

"அங்கிள், பன்னெண்டாவது மாடி லா! அரிசி மூட்டையத் தூக்கிட்டு எப்படி ஏறுறது?"

"இன்னொரு லிஃப்ட் இருக்கே முத்தையா. வரிசையில நில்லு."

"முந்தி வரிசையே இல்லையே!"

"வரிசையில நின்னாதான் ஒரு பொருளோட அருமை தெரியும்."

"அந்த அருமைய நீங்க ரெண்டாவது மாடியில உக்காந்துகிட்டுச் சொல்றீங்க!"

இது அவரைச் சுட்டுவிட்டது. முத்தையா அண்ணனின் அரிசி மூட்டையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். ஐந்தாவது மாடிவரை சிக்கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். ஆறில் பேச்சு நின்றது. எட்டில் ஆளே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விசிறிவிட்டதும் முத்தையா அண்ணன்தான், லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுவந்ததும் முத்தையா அண்ணன்தான். வரிசையில் நின்று.

பிறகு தீபாவளி விருந்து. கமிட்டி வருடா வருடம் எல்லா இனத்தாரையும் கூப்பிட்டுச் சோறு போடும் வழக்கம். இனாம் சோறு மனிதனைச் சோம்பேறியாக்கும், அவரவர் விருப்பப்பட்டதைச் சமைத்துக் கொண்டுவாருங்கள் என்று அறிவித்துவிட்டார். கொண்டுவந்தார்கள். இருபத்துமூன்று வீட்டிலிருந்தும் கேசரி. ஒரு பிடி சோறு கிடையாது.

"பொறுங்க," என்றார் கட் அங்கிள், தட்டில் மூன்று நிறக் கேசரியோடு. "கேசரி தங்கிப்போச்சுன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. அடுத்த வருஷம் யாரும் கொண்டுவர மாட்டாங்க. இதுதான் சந்தை."

அவர் சொன்னது பலித்தது. அடுத்த வருடம் ஒருவர்கூடக் கேசரி கொண்டுவரவில்லை. இருபத்துமூன்று பாத்திரம் தயிர்சாதம்.

இதுவரை சிக்கனம். சுதந்திரம் இதைவிடச் சத்தமானது. நோட்டீஸ் போர்டில் நாற்பது விதிகள் இருந்தன: கம்பியில் துணி காயப்போடாதே, பந்து விளையாடாதே, பிராணி வளர்க்காதே. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, 'அடுத்தவருக்குத் தொல்லை தராதீர்' என்று ஒரே வரி எழுதி ஒட்டினார். ஒரு மாதத்துக்குள் ஒன்பதாவது மாடியில் சேவல் கூவியது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிற இளைஞர்கள் கார் பார்க்கில் உருமி மேளம் பழக ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாடி டீச்சர் பாய்ந்து வந்தார்.

"சார், என்னால ஒரு நோட்டுகூடத் திருத்த முடியல!"

"அவங்களுக்கு மேளம் அடிக்கச் சுதந்திரம் இருக்கு டீச்சர். அதே சுதந்திரம் உங்களுக்கும் இருக்கு."

"நான் என்னத்த அடிக்கிறது?"

"அது உங்க விருப்பம். அதுல நான் தலையிட மாட்டேன்."

இப்படியாகப் பிளாட் இரண்டு கட்சியானது. உருமிக்காரர்களுக்கு அவருடைய சுதந்திரம் பிடித்தது, சிக்கனம் பிடிக்கவில்லை. டீச்சர் பக்கத்தாருக்குச் சிக்கனம் பிடித்தது, சுதந்திரம் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து பிடித்தது அவர் ஒருவருக்கே. "ரெண்டு பக்கமும் திட்டுறாங்கன்னா நான் சரியா நடுவுல நிக்கிறேன்" என்பார்.

மூன்றாம் வருடம்தான் உண்மையான சோதனை வந்தது. கீழே, காவலுக்கு இருக்கும் ஜாகாவின் கொட்டகைக்குப் பக்கத்தில், சரோஜா அக்கா அப்பம் சுடுகிறார். இரண்டு சட்டி, ஒரு குடை. கணவர் செலாயாங் மார்க்கெட்டில் மூட்டை இறக்கி முதுகு போனவர். வீடு ஓடுவது அந்த இரண்டு சட்டியில்தான். அந்த மூலையைத் தனக்கு விடும்படி, மேசை நாற்காலி போட நல்ல வாடகை தருவதாக, ஒரு காப்பிக் கடை எழுதிக் கேட்டது. சரோஜா அக்காவிடம் பிளாட் வாடகை வாங்கியதே இல்லை. கட் அங்கிளின் கொள்கைப்படி இதில் யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. கூடுதல் வாடகை தருபவருக்கு இடம்.

"சட்டியக் கழுவி வச்சிட்டேன் அண்ணே," என்றார் சரோஜா அக்கா என்னிடம். "லிஃப்டையே கட் பண்ண மனுஷன். நான் எல்லாம் எம்மாத்திரம்?"

இதை முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை கூட்டிய கூட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லை. சரோஜா அக்கா கடைசி வரிசையில், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், நின்றார். கட் அங்கிள் எழுந்தார். தொண்டையைச் செருமினார். என் நினைவில் அவர் சொல்லுக்குத் தடுமாறியது அன்றைக்கு மட்டும்தான்.

"இதைப் பொருளாதார ரீதியாப் பாக்கணும்," என்று தொடங்கினார். "அப்பக் கடை போயிட்டா நாமெல்லாம் காலையில அடுத்த ரோட்டுக்கு நடக்கணும். நடந்தா பசிக்கும். பசிச்சா ரெண்டு அப்பம் கூடச் சாப்பிடுவோம். சாப்பிட்டா எடை கூடும். எடை கூடுனா லிஃப்ட் கயிறு தேயும். கயிறு மாத்துறது எவ்வளவு செலவு தெரியுமா? ஆகவே, சிக்கனத்தை முன்னிட்டு, அப்பக் கடை அங்கேயேதான் இருக்கணும்."

மூன்று வருடமாக அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு மறுத்த சனம் அது. அந்த வாதத்தில் இருந்த ஓட்டைகளை ஒரு சின்னப் பிள்ளைகூட எண்ணிவிடும்.

முத்தையா அண்ணன் எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கயிறு விஷயம் சரிதான்," என்றார். "நான் லோரி ஓட்டுனவன். பாரத்தப் பத்தி எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். டீச்சர் தூக்கினார். உருமிக்காரர்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். அந்தப் பிளாட்டின் வரலாற்றில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். பழைய மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: 'என் கொள்கைப்படி இடத்தை வாடகைக்கு விட்டிருக்க வேண்டும். லிஃப்ட் கயிறு பற்றி நேற்று நான் சொன்னது சுத்தப் பொய். பொய் சொல்லி ஓட்டு வாங்கியவன் தலைவராக இருக்கக் கூடாது. விலகுகிறேன்.'

முத்தையா அண்ணன் அதைப் படித்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனார். "நாங்க நம்பிட்டோம்னு நெனச்சீங்களா அங்கிள்? பொய்யுன்னு தெரிஞ்சுதான் கை தூக்குனோம். பேசாம உக்காருங்க."

"நீங்க கை தூக்குறது உங்க சுதந்திரம்," என்றார் கட் அங்கிள். "விலகுறது என் சுதந்திரம்." விவாதம் முடிந்தது.

விலகியவர் வழக்கம்போல அப்பம் வாங்க வந்தார். வரிசையில் பதினான்கு பேர் இருந்தோம். அவர் முறை வந்ததும் சரோஜா அக்கா பொட்டலத்தை நீட்டி, "காசு வேணாம் அங்கிள்" என்றார்.

"இனாமா? கட் பண்ணு. காசப் புடி."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் லா."

"ஒரு நாள்னுதான் எல்லா மானியமும் ஆரம்பிக்குது!"

"என் கடை, என் அப்பம். யாருக்கு என்ன விலைன்னு நான்தான் சொல்லுவேன். அதுக்கு எனக்குச் சுதந்திரம் இருக்கா இல்லையா?"

கட் அங்கிள் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நெடுநேரம் துடைத்தார்.

"அப்பச் சட்டி ஆவி," என்றார் எங்களைப் பார்த்து. "கண்ணாடியில படிஞ்சிருச்சு."

சட்டிக்கும் அவர் நின்ற இடத்துக்கும் நடுவே பன்னிரண்டு அடி இருக்கும். காற்றும் எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டிருந்தது. பதினான்கு பேரில் ஒருவரும் அதை அவரிடம் சொல்லவில்லை.