பின்னிறக்கைப் புள்ளிகள்

“புள்ளியெல்லாம் பளிச்சுனு வந்திருக்கா?” என்று போனில் கேட்டார் பேராசிரியர்.

“எந்தப் புள்ளி சார்?”

“என்னப்பா இப்படிக் கேக்கறே? பின்னிறக்கையில, தங்க மஞ்சளுக்கு நடுவுல வரிசையா கறுப்புப் புள்ளி இருக்குமே! அதை வச்சுதான் அது பெண்பூச்சின்னே கண்டுபிடிச்சேன். ஆணுக்கு அங்க வெறும் மஞ்சள்தான். சாயங்காலம் நானே நேர்ல வந்து பார்க்கறேன். அப்புறம்தான் போஸ்டர் அச்சுக்குப் போகணும்.”

ரப்பர் போனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

ரப்பர் என்பது அச்சகத்தில் அவனுக்கு வைத்த பெயர். படங்களைத் துடைத்துச் சுத்தம் செய்வது அவன் வேலை. கண்ணில் கறுப்பாக எது பட்டாலும் கை சும்மா இருக்காது. போன மாதம் ஒரு கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் கன்னத்து மச்சத்தைத் துடைத்துவிட, பெற்ற தாயே “யாரு இவ?” என்று கேட்டுவிட்டாள். “இன்னொரு தடவை எதையாவது அழிச்சே, உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்” என்று முதலாளி அன்றைக்கே சொல்லியிருந்தார்.

இன்று காலை வந்தது மழைக்காட்டில் எடுத்த படம். பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சி. பறந்தால் குருவியோ என்று தோன்றும். அவ்வளவு பெரிய இறக்கை. அதன் மஞ்சளில் கறுப்பாக ஏதோ தெறித்திருந்தது. தூசு என்று ஒரே மூச்சில் துடைத்து, பழைய படத்தின் மேலேயே சேமித்தும் வைத்துவிட்டான்.

படம் எடுத்த போட்டோகிராபரைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

“இதுக்கா இப்படி நடுங்கறீங்க? புள்ளி இல்லேன்னா ஆணுன்னு போட்டுட்டுப் போங்க. பூச்சியா வந்து சண்டை போடப் போகுது?”

ஆபத்துக்குப் பாவமில்லை என்று, போஸ்டரில் ‘பெண்’ இருந்த இடத்தில் எல்லாம் ‘ஆண்’ வரும்படி ஒரே தட்டில் மாற்றினான். வாசித்துப் பார்த்தான். ‘ஆண், இலையின் அடியில் முட்டையிடும்’ என்று இருந்தது.

பதறிப்போய் எல்லா ‘ஆண்’களையும் திரும்பப் ‘பெண்’ ஆக்கினான். இப்போது ‘ஆண்டு முழுவதும் காணலாம்’ என்றிருந்தது ‘பெண்டு முழுவதும் காணலாம்’ என்று ஆகிவிட்டது.

அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இனி ஒரே வழிதான். அழித்த கையே வரைய வேண்டும். இணையத்தில் வேறொரு பெண்பூச்சியின் படத்தைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தான். முதலில் வட்டமாக வைத்தான். சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. முக்கோணமாக்கினான். பூச்சிக்குப் பல் முளைத்தாற்போல் ஆனது. ஓரங்களைக் கொஞ்சம் மழுக்கிவிட்டு நிமிர்ந்தால், முதுகுக்குப் பின்னால் முதலாளி.

“என்னடா, இறக்கையெல்லாம் ஒரே தூசு? தொடை முதல்ல.”

“சார்... அது தூசு இல்ல.”

“பின்ன?”

“பொம்பளை சார்.”

முதலாளி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?”

அவன் விளக்குவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. பேராசிரியர் வந்தார், கூடவே அந்தப் போட்டோகிராபரும் வந்தார். போன் எடுக்காத மனிதர், ரப்பரின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரமாய்ப் போய் நின்றுகொண்டார்.

பேராசிரியர் பூதக்கண்ணாடியை எடுத்து, திரையில் தெரிந்த இறக்கையின் மேல் குனிந்தார். நிமிரவே இல்லை. ரப்பருக்கு வீட்டு வாடகை, மகள் பள்ளிக்கூடம், மனைவியின் முகம் எல்லாம் கண்முன் வந்து போயின.

“பிரமாதம்!” என்றார் பேராசிரியர். “முதல்ல இந்தப் படத்தைப் பார்த்தப்போ இவ்வளவு தெளிவா இல்லையே! இந்தக் காட்டுல பெண்பூச்சியை இதுவரைக்கும் யாரும் பார்த்ததே கிடையாது. இந்தப் புள்ளியை வச்சே ஒரு பெரிய கட்டுரை எழுதி அனுப்பிட்டேன். உலகமே திரும்பிப் பார்க்கப் போகுது!”

“நம்ம பையன் கை அப்படி சார்” என்று முதலாளி ரப்பரின் தோளைத் தட்டினார். அவன் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றான்.

பெரியவர்கள் இருவரும் டீ குடிக்க உள்ளே போனார்கள். போட்டோகிராபர் மட்டும் நகரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார். அவருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

மாட்டிக்கொண்டோம் என்று ரப்பருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினான். “சார், காட்டிக் கொடுத்துடாதீங்க. புள்ளின்னு தெரியாம காலையில எல்லாத்தையும் அழிச்சிட்டேன். பயத்துல நானே திரும்ப வரைஞ்சுட்டேன். இது உங்க புள்ளி இல்ல.”

போட்டோகிராபர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

“அழிச்சவரு அதோட விட்டிருக்கக் கூடாதாய்யா? அது ஆண்பூச்சிதான், புள்ளியெல்லாம் என் கேமராவுக்குள்ள இருந்த தூசு!”