அக்காவுக்கு நான் கொடுத்த பதினேழு வியாதிகள்

என் அக்கா சிவகாமிக்குத் தடிமன் காய்ச்சலைத் தவிர ஒரு வியாதியும் வந்ததில்லை. எனக்குப் பத்தொன்பது வயதானபோது அவளுக்குப் பதினேழு வியாதிகளை நான் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்கவில்லை. பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து அச்சிலும் ஏற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வருடத்தில். எங்கள் வீட்டில் இதைச் சிரிப்பாகச் சொல்வதுதான் வழக்கம். சிரிப்பதற்கு முன்னால், நான் செய்தது தப்பு என்று எழுதிவைத்துவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்பா கங்காணியாக இருந்தார். நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, வாத்தியார் வேலை வரும் என்று காத்திருந்தேன். (வேலைக்கும் அதே அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.) அந்த நாட்களில் தொழிலாளர் குடியிருந்த ஆறு லயத்துக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். காலையில் மாரியாயி பெயரில் திருச்சிக்கு அழுவேன். மத்தியானம் கருப்பையா பெயரில் மதுரைக்குக் கோபிப்பேன். அடுத்தவர் பெயரில் எழுதுவது எனக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் மாரியாயியும் கருப்பையாவும் எதிரே உட்கார்ந்து சொல்வார்கள், நான் எழுதுவேன். அந்த ஒரு வித்தியாசத்தை நான் மறந்துபோனேன்.

அப்போது கடைகளில் ஒரு சர்வரோக சிரப்பு விற்பார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் பிறந்த மருந்து. கன்னத்தில் புதர்போலக் கிருதா வளர்த்த ஒரு வெள்ளைக்கார டொக்டர் போத்தல் மேலிருந்து நம்மை முறைப்பார். அவர் போய்ச் சேர்ந்து அரை நூற்றாண்டு ஆகியும், கொழும்பில் ஒரு கம்பெனி அந்தச் சிரப்பைப் போத்தலில் அடைத்து மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வருடக் கடைசியில் போத்தலோடு ஒரு பஞ்சாங்கப் புத்தகம் இலவசம். இடப்பக்கம் மாதமும் நல்ல நேரமும். வலப்பக்கம் மருந்தால் குணமானவர்களின் கடிதங்கள். பெரும்பாலும் மகாராணி காலத்துத் துரைசாணிகள். மான்செஸ்டரில் ஒருத்தி பதினான்கு வருடம் கட்டிலோடு கிடந்து, நாலாவது போத்தலில் எழுந்து ஆப்பிள் மரம் ஏறியிருந்தாள்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது: சிறந்த கடிதத்துக்குக் கைக்கடிகாரம் பரிசு.

என் பெயரில் எழுத முதலில் நினைத்தேன். ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்ன பெரிய வியாதி இருந்துவிடப் போகிறது? குணமானவர்கள் எல்லோரும் பெண்களாகவே இருந்தார்கள். கைக்கு எட்டிய பெண் அக்காதான்.

"பன்னிரண்டு வருடமாக நான் படாத பாடில்லை" என்று தொடங்கினேன். தொடங்கியபின் பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, மூட்டு வலி, முதுகு வலி, கை நடுக்கம், பித்தம், வாயு என்று வரிசையாக இறக்கினேன். ஓரிடத்தில் பசியின்மை என்று எழுதி, நாலு வரி தள்ளி அடங்காப் பசி என்றும் எழுதினேன். (பின்னது மட்டும் உண்மை.) தூக்கத்தில் எழுந்து நடக்கும் வியாதியை ஒரு துரைசாணியிடமிருந்து எடுத்தேன். அவ்வளவு நல்ல வியாதியை விட்டுவிட மனசில்லை. ஐந்தாவது போத்தலில் அக்காவை மலையேறிக் கொழுந்து பறிக்க வைத்து, 'இப்படிக்கு, சிவகாமி' என்று, தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் சேர்த்து முடித்தேன்.

அன்றைக்கு அக்கா உண்மையிலேயே மலையேறித்தான் பறித்திருந்தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் கூடைதான் எல்லோருடையதையும்விடக் கூடுதலாக நிறுத்தது. வீட்டுக்கு வந்து ஐந்து ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, "எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்கியே, விறகு ஒடைக்கக் கை வராதா?" என்று கேட்டாள்.

கடிகாரம் வரவில்லை. இரண்டாம் பரிசு என்று ஒன்று இருந்திருக்கிறது. கொட்டகலை ஸ்டேசனுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு போத்தல் சிரப்பு. பெட்டியைச் சுமந்துவந்து விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

இதற்கிடையில் டயகமவிலிருந்து அக்காவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை முத்தையாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. தகப்பன் இல்லை, தாய் அங்கம்மாள்தான் எல்லாம். பெண் பார்த்து, பிடித்துப்போய், பரிசம் போட நாள் குறிக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கொட்டகலைக் கடைவீதியில் மருந்து விற்கும் கடைக்காரர் ஹமீது நானா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர் கையில் புது வருடத்துப் பஞ்சாங்கம்.

"என்ன தம்பி, அக்கா பேரெல்லாம் அச்சுல வந்திருக்கு! இவ்வளவு சீக்குக்காரின்னு ஒங்க வாப்பா ஒரு நாளும் சொல்லலியே?"

"நானா, இது எத்தனை புத்தகம் வந்துச்சு?"

"எனக்கு ஒரு கட்டு. ஹட்டனுக்கு, தலவாக்கலைக்கு, டயகமவுக்கு... எல்லாக் கடைக்கும் போயிருக்கும்."

அக்காவின் கடிதம் எந்தப் பக்கத்தில் இருந்தது தெரியுமா? தை மாதத்துக்கு நேரெதிரே. மலையில் கல்யாண நாள் பார்க்கிற ஒவ்வொரு வீடும் முதலில் திருப்புகிற பக்கம் அது.

ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாள் மகனோடு வந்து உட்கார்ந்ததுமே பையிலிருந்து அதைத்தான் எடுத்தார்.

"நாள் பாக்கலாம்னு திருப்புனேனுங்க. தை மாசத்துக்கு எதுத்தாப்புல ஒங்க மக இருக்கா."

"எம் மகளா?" அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பெருமையோடு என் பக்கம் நீட்டினார். "வாசிடா தம்பி, சத்தமா வாசி."

வாசித்தேன். நான் எழுதியதை நானே, முழுதாக, பித்தம் வாயு உட்பட வாசித்தேன். அம்மாவின் முகம் வியாதிக்கு வியாதி வெளுத்துக்கொண்டே போனது. டீ கொண்டுவந்த அக்கா நடுவீட்டில் அப்படியே நின்றாள்.

முடித்ததும், இத்தோடு கல்யாணம் நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அங்கம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"பாவி மக என்ன பாடு பட்டிருக்கா! அம்புட்டும் பட்டு எந்திரிச்சு நிக்கிறாளே, அதுதானுங்க பெருசு. எனக்கு முழங்கால் வலி ஒண்ணுதான். ஒம்பது போத்தல் குடிச்சும் போகல. நீ எப்புடிம்மா குடிச்ச? சோத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால" என்றார் அப்பா.

"பின்னால" என்றார் அம்மா, அதே நொடியில்.

அக்கா என்னைப் பார்த்தாள். கடிதம் எழுதுகிறவன் அந்த வீட்டில் ஒருவன்தானே. அந்த நேரத்தில் நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டிருப்பது. கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் அக்கா ஆயுசு முழுக்கப் புகுந்த வீட்டில் இல்லாத வியாதிக்குக் கணக்குச் சொல்லவேண்டும். அந்த அம்மாள் அவளை நம்பி முழங்காலோடு பத்தாவது போத்தலையும் திறப்பார்.

"அத்தை, அக்கா ஒரு சொட்டும் குடிக்கலைங்க. அவளுக்கு ஒரு வியாதியும் இல்ல. கைக்கடிகாரம் கெடைக்கும்னு நான்தான் பொய்யா எழுதுனேன்."

அக்கா டீத் தட்டைக் கீழே வைத்தாள். "ஏன்டா, தூக்கத்துல எந்திரிச்சா நடக்குறேன் நான்?"

அவளை முந்திக்கொண்டு அங்கம்மாள் எழுந்தார். "அப்ப நான் குடிச்சது? கடைசி ரெண்டு போத்தல் ஒங்கக்காவ நம்பிக் குடிச்சதுடா!" அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க பின்னாலன்னீங்க, அவரு முன்னாலன்னாரு! குடும்பமே பொய்யா? வாடா முத்தையா, போவோம்."

முத்தையா எழுந்திருக்கவில்லை. மெதுவாக என்னைக் கேட்டார்: "கடிகாரம் கெடைச்சுச்சா?"

நான் விறகுக்குப் பின்னாலிருந்து பெட்டியை இழுத்துவந்து திறந்தேன். வாசல்வரை போன அங்கம்மாள் நின்றார்.

"பன்னெண்டா?"

"ஆமாங்க."

"மூடி ஒடைக்கலயே?"

"அம்மா, பொய்ன்னு இப்பத்தானே சொன்னாங்க" என்றார் முத்தையா.

"பொய் சொன்னது இவன். மருந்து என்னடா செஞ்சுச்சு? தூக்கு."

பஸ் ரோட்டுக்குப் போக, எங்கள் லயத்திலிருந்து செங்குத்தாகக் குறுக்குப் பாதை ஏறவேண்டும். பெட்டியை நானும் முத்தையாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இருபது படி ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்தோம். பின்னால் அக்கா வந்தாள். கொண்டுவந்த கொழுந்துக் கூடைக்குள் போத்தல்களை அடுக்கினாள். கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அங்கம்மாளுக்கு ஒரு கையைக் கொடுத்தாள். முதுகில் பன்னிரண்டு போத்தல், கையில் ஒரு மாமியார். நேரே மேலே ஏறிவிட்டாள்.

நாங்கள் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கம்மாள் அக்காவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"பதினேழு வியாதிக்காரி அசையாம நிக்கிறா" என்றார் என்னைப் பார்த்து. "ஒனக்கு ஏன்டா இப்புடி எளைக்குது?"

பிறகு அதே பஞ்சாங்கத்தை ரோட்டோரத்திலேயே விரித்து நாள் குறித்தார். ஒரு நிபந்தனையோடு: பரிசத்துக்குள் எல்லாப் புத்தகத்திலும் அக்காவின் பெயரை நான் அழித்திருக்கவேண்டும்.

மை போத்தலும் தூரிகையுமாகக் கடை கடையாக, லயம் லயமாக, டயகமவரை நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் "நான் எழுதுனது பொய்ங்க" என்று சொல்லித்தான் தூரிகையை எடுத்தேன். மை காயும்முன் புத்தகத்தை மூடியதால், எதிர்ப்பக்கத்துத் தை மாதமும் கறுத்துப்போனது. அந்த வருடம் கல்யாணம் வைத்தவர்கள் எல்லோரும் நல்ல நேரம் கேட்டு என்னிடமே வந்தார்கள்.

கம்பெனிக்கும் என் சொந்தப் பெயரில் எழுதினேன்: 'உங்கள் மருந்தால் என் அக்காவின் பதினேழு வியாதிகளும் தீர்ந்தன என்று நான் எழுதியது பொய்.' அடுத்த வருடப் பஞ்சாங்கத்தில் அதுவும் அச்சாகி வந்தது, 'தீர்ந்தன' வரைக்கும் மட்டும். கீழே என் பெயர். மறுபடியும் மை போத்தலைத் தூக்கினேன்.

அக்கா பரிசத்தன்று வரை என்னோடு பேசவில்லை. அன்றைக்கு இலையில் எனக்கு ஐந்தாவது வடையை வைத்துவிட்டு, "அடங்காப் பசியாடா?" என்றாள். அதற்குமேல் எந்த மன்னிப்பையும் நான் எதிர்பார்த்ததில்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. அவளுக்கு நான் கொடுத்த மூட்டு வலி, முதுகு வலி, கை நடுக்கம் எல்லாம் வழி விசாரித்துக்கொண்டு என்னிடமே திரும்பி வந்துவிட்டன. அக்கா இன்றும் மாத்திரை தொடாதவள். டயகமவில் அவள் வீட்டுக்குப் போனால் என் மருந்துப் பையைக் கொட்டி, பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, மருந்துக்கு ஒரு வியாதியாக விரல்விட்டு எண்ணுவாள். போன முறை பதினாறு வந்தது.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றாள். நான் படுக்கப் போனதும் வாசல் கதவைப் பூட்டி, சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.