ஒட்டிக்கொண்ட இரண்டு விரல்கள்

கல்யாண மேடையில் பேஸ் கிதார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள். டிரம்ஸ் அடிக்கிறவனை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். கீபோர்டுக்காரனிடம் வந்து விருப்பப் பாடல் கேட்பார்கள். பேஸ்காரனிடம் பேசுவது வீடியோ எடுப்பவர் மட்டும்தான். "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, மாப்ளைய மறைக்கிற" என்பார். பாட்டின் நடுவில் அவன் வாசிப்பை நிறுத்திவிட்டாலும் சபைக்குத் தெரியாது. (இதை நான் யூகத்தில் சொல்லவில்லை. நிறுத்தியிருக்கிறேன். அதுவும் சொந்த அக்காவின் கல்யாண வரவேற்பில்.)

தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. சின்ன காஞ்சிபுரத்து அர்ச்சகர் வீட்டுப் பையன் வாசுதான் தலைவன். தலைமைப் பண்பு என்றெல்லாம் எதுவும் இல்லை, கீபோர்டும் ஸ்பீக்கர் பெட்டிகளும் அவனுடையவை. நான் முதலில் சாதா கிதார்தான் வைத்திருந்தேன். பேஸுக்கு மாறியதற்குக் காரணம் என் அம்மா.

அப்பா போன பிறகு, பட்டுப்புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுத்து எங்கள் இருவரையும் வளர்த்தவள் அம்மா. நாற்பது வயதைத் தாண்டியதும் அவளுக்குக் காது மங்க ஆரம்பித்தது. நரம்பு தேய்கிறது, மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், கனமான சத்தங்கள் கடைசியில் போகும் என்றார் டாக்டர். அப்படியே நடந்தது. குக்கர் விசில் போயிற்று. பிறகு அக்காவின் குரல் போயிற்று. காதில் மாட்டும் கருவி வாங்கினோம். "தகரக் கொட்டாயில மழை பெய்யற மாதிரி இருக்குதுடா" என்று கழற்றி வைத்துவிட்டாள். யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டப் பழகிக்கொண்டாள். புடவை கொண்டு வந்த ஒருவர் "உங்க வீட்டுக்காரர் தவறிட்டாராமே?" என்று துக்கம் விசாரித்தபோது, "ஆமாம்பா, நல்லா இருக்காரு" என்றாள். அந்த ஆள் போன பிறகு நானும் அக்காவும் சிரித்தோம். அப்புறம் அக்கா உள்ளே போய் அழுதாள்.

ஒரு நாள் எங்கள் சர்ச்சில் நற்செய்திக் கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து வந்த குழுவில் ஒருவர் பேஸ் கிதார் வாசித்தார். அம்மா முன்வரிசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு நடக்கும்போது திடீரென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"இது கேக்குதுடா."

"எதும்மா?"

"தும்தும்முனு வருதே, அது. கால்ல ஏறி நெஞ்சுக்கு வருதுடா."

அடுத்த மாதமே சாதா கிதாரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய பேஸ் ஒன்றைச் சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வாசிக்கத்தான் தெரியவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, ஓர் ஆள் நடந்து போவது போலத் தந்தியின் மேல் போக வேண்டும். கட்டைவிரல் ஓரமாக ஊன்றி நிற்கும். தந்தியை மீட்டிய விரல் அந்தரத்தில் நிற்காமல் அதற்கு அடுத்த தந்தியின் மேல் போய்ச் சாய வேண்டும். அவ்வளவுதான் வித்தை. என் ஆள்காட்டி விரல் உழைப்பாளி. நடுவிரல் அரசாங்க உத்தியோகம் பார்த்தது, ஒரு தடவை வந்துவிட்டு மூன்று தடவை காணாமல் போகும். அதை வழிக்குக் கொண்டுவரச் சாப்பாட்டுத் தட்டு, சைக்கிள் ஹேண்டில்பார் என்று எல்லாவற்றிலும் இரண்டு விரலையும் ஓட்டினேன். ஏனாத்தூர் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் ஓட்டியபோது அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "கையில எதனா வியாதியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் இது வேறு சமாச்சாரம் என்று முடிவு செய்து எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வாசுவின் கவலை வேறு. "ஏண்டா கிணத்துல தண்ணி சேந்தற மாதிரி இழுக்கறே? மெதுவா தொட்டாப் போறும். சத்தத்தைப் பெட்டி பாத்துக்கும்."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எந்த பேஸ் வாசிப்பாளரும் அதைத்தான் சொல்வார். ஆனால் வீட்டில் அம்மா, வாசுவிடம் இரவல் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பாள். மெதுவாகத் தொட்டால் அவளுக்கு எட்டாதோ என்று எனக்குப் பயம். அதனால் இழுத்தேன். விரல் நுனிகளில் கொப்புளம் எழுந்தது. பக்கத்து வீட்டு நெசவாளி என் கையைப் பார்த்துவிட்டு, "தறியில உக்காந்த நாங்களே இப்டி ஆக்கிக்கிலயே, நீ இன்னாபா பண்ற?" என்றார்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அரக்கோணம். காலையில் சர்ச்சில் தாலி, சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு, எங்கள் குழுவின் கச்சேரி. அம்மா துணி தைக்கும்போது எப்போதும் ஒரு தாலாட்டை முனகிக்கொண்டிருப்பாள். காது போன பிறகு அதையும் விட்டுவிட்டாள். தன் குரல் தனக்கே கேட்காமல் பாடுவது பிடிக்கவில்லை போலும். அந்த மெட்டை வாசு கீபோர்டுக்கு எழுதினான். அதன் அடியில் ஓடும் பேஸை முழுக்க அம்மாவுக்காக நான் அமைத்தேன். பேஸ் மட்டும் வரும் ஸ்பீக்கர் பெட்டியைக் குடும்பத்தார் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். "உன் பாட்டு வரும்போது நான் தலையாட்டுறேன், பெட்டி மேல கைய வையி" என்று அம்மாவிடம் வாயசைத்துச் சொல்லிவைத்தேன்.

கச்சேரி ஆரம்பித்தது. வேகமான பாட்டுகள் முதலில். வழக்கம்போல இழுத்தேன். கொப்புளங்கள் உடைந்தன. அடுத்த பாட்டுக்குள் சதை தெரிந்தது. அப்போது ஆயர் ஜெபம் செய்ய மேடைக்கு வந்தார். எனக்கு ஒரு யோசனை. சென்னைக் கலைஞர்கள் விரல் வெடித்தால் உடனே ஒட்டும் பசையை நுனியில் தடவிக் காயவிட்டு வாசிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு டியூப் என் சட்டைப்பையில் இருந்தது. எங்கள் ஆயர் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் பந்தியில் சாம்பார் ஆறிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். நேரம் இருக்கிறது என்று நம்பி டியூபை அமுக்கினேன். பாதி டியூப் இரண்டு விரல்களுக்கும் நடுவே வழிந்தது.

அன்றைக்கு மட்டும் ஆயர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

வாசு என்னைப் பார்த்துக் கண்காட்டினான். நான் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் சேலையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் மேல் வைத்தாள். கீபோர்டு தொடங்கியது. நான் ஆள்காட்டி விரலால் தடித்த தந்தியைத் தொட்டேன். தொட்ட விரல் வரவில்லை. அதைப் பிடித்து இழுக்கப் போன நடுவிரல் கூடப் போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டி, தந்தியோடும் ஒட்டி, கல் மாதிரி ஆகிவிட்டன. கிதாரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அந்த மண்டபத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரிந்தது.

அம்மா கையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். அப்புறம் இன்னொரு கையை வைத்தாள். மேடையில் வாசுவின் விரல்கள் ஓடுவதும், டிரம்ஸ்காரன் தலையை ஆட்டுவதும், என் கை தந்தியின் மேல் இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது. எல்லோரும் வாசிக்கிறார்கள், தனக்கு மட்டும் வரவில்லை. பிறகு இரண்டு கைகளையும் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டு, எதிரே வந்த யாரோ ஒரு சம்பந்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் என்ன நினைத்துவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. கிதாரோடு மேடையை விட்டு இறங்கினேன். ஒயர் பிடுங்கிக்கொண்டு மண்டபமே அதிரும்படி 'டப்' என்றது. அதுவரை என்னைக் கவனிக்காத ஜனம் முழுக்கத் திரும்பியது. அம்மாவின் கை அப்போது பெட்டியின் மேல் இல்லை.

பரிசுப் பொட்டலங்களோடு நின்ற வரிசையைக் கிதாரால் இடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். ஜாடை காட்டலாம் என்றால் ஒரு கை ஒட்டியிருக்கிறது, இன்னொரு கை கிதாரைத் தாங்குகிறது. வாயசைத்துச் சொல்லலாம் என்றால் உதடு நடுங்குகிறது. "உன் காது இல்லம்மா, என் கைதான்" என்று சொல்லப் பார்த்தேன். அழுகிறவன் உதட்டை யாரால் படிக்க முடியும்?

அம்மா என் கன்னத்தைத் துடைத்தாள்.

"நல்லா இருந்துச்சுடா பாட்டு," என்றாள். "போ, மேடையில போய் நில்லு. மாப்ள வூட்டுக்காரங்க பாத்துக்கினு இருக்காங்க."

என்னை மணமகள் அறைக்குள் இழுத்துப் போனார்கள். ஒருவர் தேங்காயெண்ணெய் ஊற்றினார். ஒருவர் வெந்நீர் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா, தந்தியை வெட்டிவிட்டால் தம்பியும் கிதாரும் தனித்தனியாக வீட்டுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னார். கடைசியில் அக்காவுக்கு அலங்காரம் செய்ய வந்த பெண், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துக் கொண்டுவந்தாள். அது பச்சைப் புண்ணில் பட்டதும் நான் போட்ட சத்தம், வாசு பின்னாளில் சொன்னபடி, அன்றைய கச்சேரியிலேயே சுருதி சுத்தமாக இருந்த ஒரே ஓசை.

விரல்களை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு காதருகே ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் அம்மாவைப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்தேன். கட்டுப் போட்ட கையில் மிச்சமிருந்தது கட்டைவிரல் மட்டும்தான். அதைக்கொண்டு தடவித் தடவி அந்தத் தாலாட்டை வாசித்தேன். இழுக்கத் தெம்பில்லாததால் முதல் தடவையாக மெதுவாக வாசித்தேன். அம்மாவின் கை பெட்டியின் மேல் இறுகியது.

"வருதுடா," என்றாள்.

கட்டுப் போட்ட விரல்களைக் காட்டி, நடந்ததை விளக்கினேன். முதலில் சிரித்தாள். பிறகு முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டாள்.

"நேத்தே எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். பொண்ணு கல்யாணத்துல அழுவக் கூடாதுன்னு சிரிச்சிக்கினே இருந்தேன். வாயெல்லாம் வலிக்குதுடா இன்னிக்கு."

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டு வேடிக்கையாகிவிட்டது. ஆரம்பித்தது அம்மாதான். கரண்ட் போய்ப் பெட்டி அடங்கினால், "என்னாடா, கை ஒட்டிக்கிச்சா?" என்பாள். அக்காவின் கணவர், அரக்கோணத்து மாமா, ஃபோனில் நான் பேசாமல் இருந்தால், "மச்சான், கை ஒட்டிக்கிச்சா?" என்பார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பிள்ளைகள் கதையைக் கேட்பார்கள். அக்கா நடித்தே காட்டுவாள்.

எனக்கு விரல்கள் நடக்கப் பழகிவிட்டன. மெதுவாகத் தொடவும் தெரிந்துவிட்டது. நல்ல பெட்டியும் வாங்கியிருந்தேன். அம்மா படுக்கையில் விழுந்த வருடம் அதைக் கட்டில் பக்கத்தில் வைத்து, தினமும் சாயங்காலம் வாசிப்பேன். அவள் உள்ளங்கையை நானே எடுத்து அதன் மேல் வைப்பேன். ஒரு நாள் தாலாட்டை முழுவதும் வாசித்து முடித்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

"என்னாடா," என்றாள் கடைசியில், "கை ஒட்டிக்கிச்சா?"

"ஆமாம்மா" என்று தலையாட்டினேன்.

அவள் என் விரல்களை எடுத்துத் தடவிப் பார்த்தாள். இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன.

"சரி," என்றாள். "அவசரமில்ல."

இன்றும் வீட்டு விசேஷங்களில் மாமா அந்தக் கேள்வியைக் கேட்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டிவிட்டுச் சிரிக்கிறேன். அந்தச் சாயங்காலத்தை மட்டும் நான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாகவே இருக்கட்டும்.